எங்கள் வீட்டில் குளிர் இல்லை

1

இன்று காலை ஹேமா வீட்டு யன்னல்கள் வந்து இறங்கின.

நான் நாலாம் மாடியில், குசினி யன்னலடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லொறி ஒன்று பின்பக்கமாக வந்து எங்கள் கட்டடத்தின் முன்னால் நின்றது. கையுறை போட்ட இரண்டு பேர், மூன்று கண்ணாடி வைத்த கனமான யன்னல்களை ஒவ்வொன்றாக இறக்கிச் சுவரோடு சாய்த்தார்கள். எனக்கு நேர் கீழே மூன்றாம் மாடியில் இருக்கும் ஹேமா, கோப்பிக் கோப்பையைக் கையில் வைத்தபடி இறங்கிப் போய் அவர்களோடு சிரித்துக் கதைத்தாள். அவளுடைய சின்ன மகள் புதுக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து ஆடினாள். எனக்கு வயிறு எரிந்தது. வேறு எப்படிச் சொல்வது? பேரப்பிள்ளை காண வேண்டிய வயதில், இரண்டு சட்டத்தையும் கொஞ்சம் கண்ணாடியையும் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டு நின்றேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது பகிடியாக இருக்கும். மன்னாரில் எங்கள் வீட்டு யன்னலுக்குக் கண்ணாடியே இருக்கவில்லை. இரண்டு மரக்கதவும் நாலு கம்பியும்தான். காற்று வரட்டும் என்று அதைத் திறந்து வைப்போம். இங்கே காற்று வராமல் இருப்பதற்காகவே யன்னல் செய்கிறார்கள். எங்கள் வீட்டு யன்னல்கள் அந்த வேலையை மறந்து பல வருஷமாகிறது. தை மாதத்தில் அவற்றுக்குப் பக்கத்தில் மெழுகுதிரி கொளுத்தி வைத்தால் சுவாலை சாய்ந்து நிற்கும்.

நாங்கள் இருப்பது அம்மருட்டில். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் மாடிக்கட்டடங்கள் வரிசையாக நிற்கும் இடம். சுற்றியுள்ள கட்டடங்கள் பெரும்பாலும் கூட்டுறவு, குடியிருக்கிறவர்களே சொந்தக்காரர். அவர்கள் கூடிப் பேசி, வாக்கெடுத்து, சுவருக்கு மேல் இன்னொரு சுவர் போர்த்தி, யன்னல் மாற்றி, கட்டடத்துக்கே கம்பளி உடுப்புப் போட்டுவிட்டார்கள். எங்கள் கட்டடம் மட்டும் ஒரு கம்பனிக்குச் சொந்தம். நாங்கள் வாடகைக்காரர். வீடு வாங்க வேண்டிய வயதில் நானும் அவரும் தம்பிமாரையும் மச்சாள்மாரையும் இங்கே எடுப்பித்துக்கொண்டிருந்தோம். அவர்கள் எல்லாரும் இப்போது சொந்த வீட்டில் இருக்கிறார்கள். அதிலும் எனக்குப் பொறாமைதான், ஆனால் அது பழகிப்போன பொறாமை.

ஹேமாவின் மேல் வந்தது புதுசு. அதனால்தான் எழுதுகிறேன்.

2

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, எனக்குத் தெரிந்த பாதித் தமிழ் வீடுகளில் உண்டு. ஆட்கள் வருகிறார்கள் என்றால் காலையிலேயே எல்லா ஹீட்டரையும் உச்சத்துக்குத் திருகிவிடுவோம். வந்தவர்களைக் குளிருக்குள் இருத்துவது, சாப்பாட்டு நேரத்துக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்புவது போன்ற காரியம். மற்ற நாட்களில் ஹோலில் ஒரு ஹீட்டர் மட்டும் எரியும். மின்சாரம் விற்கிற விலைக்கு அதற்கு மேல் முடியாது. நானும் என் மனுசன் மரியதாஸும் இரண்டு சுவெட்டருக்கு மேல் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு சோபாவில் இருந்து செய்தி பார்ப்போம். அவர் பஸ் ஓட்டுகிறவர். வேலையால் வந்தும் சீருடை ஜாக்கெட்டைக் கழற்ற மாட்டார். பஸ்ஸுக்குள் இதைவிடச் சூடு என்பார்.

போன இலையுதிர் காலத்தில் கம்பனியில் இருந்து அறிவித்தல் வந்தது. இந்த நாட்டில் வாடகைக்கு விடுகிற வீட்டுக்கெல்லாம் ஓர் எழுத்துக் கொடுக்கிறார்கள். சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் வீட்டுக்கு முதல் எழுத்து, பச்சை நிறம். சூட்டை வெளியே விடுகிற வீட்டுக்குக் கடைசி எழுத்து, சிவப்பு நிறம். எங்கள் கட்டடம் சிவப்பு. இப்படிப்பட்ட கட்டடங்களைத் திருத்த வேண்டும் என்று மேலேயிருந்து நெருக்குகிறார்களாம். ஆகவே கம்பனி ஆள் ஒருவர் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து குளிரையும் காற்றையும் அளப்பார், அதன்படி எந்த வீட்டுக்கு எப்போது யன்னல் மாற்றுவது என்று முடிவெடுப்பார்கள் என்று இருந்தது. அளக்க வரும் நாளில் வழக்கம்போல் இருந்தால் போதும் என்றும் இருந்தது.

வீட்டுக்கு ஒருவர் வருகிற நாளில் வழக்கம்போல் இருப்பதற்கு என்னை யாரும் பழக்கவில்லை.

முதல் நாளே வீட்டைக் கழுவித் துடைத்தேன். யன்னல் விளிம்பில் குளிருக்காகச் செருகி வைத்திருந்த பழைய துவாய்களை எடுத்து ஒளித்துவிட்டு, அந்த இடுக்குகளுக்கு வெள்ளை டேப்பை நேராக ஒட்டினேன். துவாய் அசிங்கம், டேப் என்றால் கண்ணுக்குத் தெரியாது. பெரிய நாட்களுக்கு மட்டும் போடுகிற தடித்த திரைச்சீலையைப் போட்டேன். விடிந்ததும் எல்லா ஹீட்டரையும் திருகினேன். பிறகு குசினியில் நின்று பற்றிஸ் பொரித்தேன், மீன் ரோல்ஸ் பொரித்தேன், கேக்கும் ஒன்று போட்டேன். ஹோலுக்குள் வந்த மரியதாஸ் ஜாக்கெட்டைக் கழற்றினார், சுவெட்டரைக் கழற்றினார், பிறகு பனியனோடு நின்று என்னைப் பார்த்தார்.

"என்னப்பா, பெருநாளே?" என்றார்.

அளக்க வந்தவரின் பெயர் ஒய்ஸ்டைன். தாடி வைத்த, சாதுவான மனிதர். வாசலில் சப்பாத்தைக் கழற்றிய உடனேயே அவருடைய மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. ஒரு கமரா வைத்திருந்தார். அதன் திரையில் குளிர் நீலமாகவும் சூடு மஞ்சளாகவும் தெரியும். எங்கள் வீட்டுச் சுவர்களைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். எங்கும் மஞ்சள்தான், தங்க நகைக்கடை மாதிரி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

யன்னலால் காற்று வருகிறதா என்று கேட்டார். "டெ கோர் ப்ரா" என்றேன். பரவாயில்லை, எல்லாம் நல்லபடி போகிறது என்று அர்த்தம். இந்த நாட்டுக்கு வந்து நான் முதலில் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட வசனம் அது. கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் டொக்டருக்கு அதைத்தான் சொன்னேன். பூஞ்சணம் பிடிக்கிறதா என்று கேட்டார். டெ கோர் ப்ரா. காலையில் அறைகள் குளிரா என்று கேட்டார். டெ கோர் ப்ரா. அவர் தலையாட்டி எழுதிக்கொண்டு, பற்றிஸ் ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சாப்பிட்டார். போகும்போது, கட்டடம் முழுவதிலும் இதமான வீடு இதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குக் கொஞ்சம் கட்டியும் கொடுத்துவிட்டேன்.

எங்களிடம் முடித்து அவர் ஹேமா வீட்டுக்குப் போனார். நான் படியில் நின்று எட்டிப் பார்த்தேன். ஹேமா வெளி ஜாக்கெட்டும் தொப்பியும் போட்டபடி கதவைத் திறந்தாள். பிள்ளையின் கையில் கையுறை. ஒரு தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நான் வீட்டுக்குள் வந்து, படித்த பிள்ளைக்கு ஆட்களை வரவேற்கத் தெரியவில்லை என்று மரியதாஸிடம் சொன்னேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

3

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

சண்டைக் காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து போய், திரும்பி வந்து, கூரையில்லாத வீட்டுக்கு ஓலை போட்டு இருந்த நேரம். நிவாரணத்துக்குப் பெயர் எழுதக் கிராம அதிகாரி விதானையார் வீடு வீடாக வந்தார். அயலட்டை எல்லாம் சைக்கிளை ஒளித்தது, ஆட்டைப் பின்காணியில் கொண்டுபோய்க் கட்டியது, பிள்ளைகளுக்குக் கிழிசல் சட்டை போட்டது. அம்மா மட்டும் பாதிரியார் வீட்டில் இருந்து இரண்டு கதிரை இரவல் வாங்கிவந்து போட்டா. மேசைக்கு விரிப்புப் போட்டா. கடைக்காரரிடம் சொல்லிச் சோடா எடுப்பித்தா. விதானையார் கதிரையில் சாய்ந்திருந்து சோடாவைக் குடித்துவிட்டு, வசதியான குடும்பம் என்று எழுதிக்கொண்டு போனார். எங்களுக்கு அந்த வருஷம் நிவாரணம் இல்லை.

எங்கள் ஐயா அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் கோபம் சாதித்தேன். அம்மா அசையவில்லை. "முதல்தரமா வாசல்படி மிதிச்ச மனுசனை வெறுந்தரையிலையோ இருத்திறது?" என்று கேட்டுவிட்டுத் தன் பாட்டில் கதிரைகளைத் துடைத்துத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தா. பட்டினி கிடந்தாலும் கிடப்பேன், இல்லை என்று வெளியாளுக்குக் காட்ட மாட்டேன் என்பது எங்கள் குடும்பத்துச் சுபாவம். அதற்கு நிவாரணம் இல்லை.

4

நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் முடிவு வந்தது.

மூன்று வீடுகளுக்கு முதற்சுற்றில் யன்னல். அதில் ஹேமா வீடும் ஒன்று. அது மட்டுமா? அவ்வளவு நாள் குளிருக்குள் இருந்ததற்காக, புது யன்னல் பொருத்தும்வரை அவளுக்கு வாடகையையும் குறைத்திருந்தார்கள். எங்கள் வீடு நல்ல நிலையில் உள்ளது, ஆகவே பிறகு பார்க்கலாம் என்று எங்களுக்கு எழுதியிருந்தார்கள். அந்தப் "பிறகு" என்பதில்தான் முள் இருந்தது.

எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். பழுதான யன்னலைத் திருத்துவது வீட்டுக்காரரின் கடமை. திருத்திவிட்டேன் என்று அவர் வாடகையை ஏற்ற முடியாது. இங்குள்ள சட்டம் வாடகைக்காரர் பக்கம் நின்று அதைத் தடுக்கிறது. ஆனால் பழுதே இல்லாத வீட்டை இன்னும் நல்லதாக ஆக்கினால் அது வேறு கதை. அதற்குப் புது ஒப்பந்தம், புது வாடகை என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் பழைய யன்னலோடு இருக்கலாம், பழைய ஒப்பந்தம் முடிகிற நாள்வரைக்கும். ஹேமாவுக்குச் சூடும் கிடைத்தது, வாடகையும் ஏறாது. எங்களுக்கோ ஒன்றில் குளிர், அல்லது எங்களால் கட்ட முடியாத வாடகை. கட்ட முடியாவிட்டால் ஒஸ்லோவை விட்டுத் தள்ளிப் போக வேண்டும். மரியதாஸ் கணக்குப் பார்த்துவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டு இருந்தார். குளிர் நாட்களில் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும்.

நியாயமாக எனக்குக் கம்பனி மேல் கோபம் வந்திருக்க வேண்டும், அல்லது என் மேல். வந்தது ஹேமா மேல். அவள் கோயம்புத்தூர்க்காரி. கணினி வேலை, புருஷன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. வேலை கிடைத்த பிறகு விமானம் ஏறி வந்தவர்கள். எங்களைப்போல, வந்த பிறகு இருக்க விடுங்கள் என்று கேட்டவர்கள் இல்லை. அதனால்தான் அவளுக்கு இந்த நாட்டில் யாரிடமும் நன்றிக்கடன் இல்லை, யாரிடமும் பயமும் இல்லை என்று எனக்குப் பட்டது. வீடு குளிர்ந்தால் குளிர்கிறது என்று சொல்கிறாள். நாங்கள் தங்க இடம் கொடுத்தவர்களிடம் இடம் குளிர்கிறது என்று எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு இருந்தே காலத்தைக் கழித்துவிட்டோம். அவளுடைய யன்னலைவிட அந்த வாய்க்குத்தான் நான் கூடுதலாகப் பொறாமைப்பட்டிருப்பேன். போதாக்குறைக்கு என்னை "ஆன்ட்டி" என்று வேறு கூப்பிடுகிறாள். அக்கா என்றால் நாக்கு சுளுக்குமா?

பொறாமை மனிதரைச் சில்லறை ஆக்கிவிடும். வழக்கமாக நத்தாருக்கு அவர்கள் வீட்டுக்குப் பெரிய தட்டில் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்த முறை சின்னத் தட்டு. பயத்தம் பணியாரத்தில் உடைந்தவற்றைப் பார்த்து வைத்தேன். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது, இந்தியாக்காரர் மின்சாரக் காசுக்குப் பயந்து பச்சைப் பிள்ளையை ஜாக்கெட்டோடு வீட்டுக்குள் வைத்திருக்கிறார்கள் என்று நாலு பேருக்குச் சொன்னேன். சொன்னபோது நானே உள்ளே இரண்டு சுவெட்டர் போட்டிருந்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர்கள் எல்லாருக்கும் அது சூடான வீடு.

5

தை மாதம் ஒரு பின்னேரம் கட்டடத்துச் சலவை அறையில் ஹேமாவைச் சந்தித்தேன். என் உடுப்பு மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தது, ஓடவும் முடியாது. பலகாரம் அருமையாக இருந்ததென்று அவள் சொன்னாள். உடைந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு யன்னல் பேச்சு வந்தது. இவ்வளவு விஷயத்தையும் எப்படி அறிந்தாய் என்று, கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"மெலனிதான் ஆன்ட்டி ஹெல்ப் பண்ணாங்க," என்றாள் ஹேமா. "லிஃப்ட்ல சும்மா பேசிட்டு வரும்போது, வீடு ஐஸ் மாதிரி இருக்குன்னு சொன்னேன். அப்பவே மேல வந்து எல்லா ரூமும் பாத்துட்டு, என்னென்ன எழுதணும்னு சொல்லிக் குடுத்தாங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

"ஓம் ஓம், சொன்னவள்," என்றேன்.

மெலனி என் மகள். ஒரே பிள்ளை.

அவள் சட்டம் படிக்கிறாள். சட்ட மாணவர்கள் சேர்ந்து ஏழை வாடகைக்காரருக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் ஓர் இடத்தில் கிழமைக்கு ஒரு நாள் இருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். பூசைக்குப் போகிற இடமெல்லாம் நான் அதைச் சொல்லித் திரிந்திருக்கிறேன். ஆனால் எங்கள் கட்டடத்திலேயே அவள் அந்த வேலையைச் செய்தாள், எங்கள் காலுக்குக் கீழ் வீட்டுக்குச் செய்தாள், எங்களுக்குச் செய்யவில்லை என்பதை ஹேமா சொல்லித்தான் அறிந்தேன்.

அதற்குப் பிறகு யன்னல் எனக்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. ஹேமாவோடு அவள் லிஃப்டில் என்ன மொழியில் பேசியிருப்பாள்? ஆங்கிலமாக இருக்கும். இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள். என்னோடு மெலனி பேசுவது ஞாயிற்றுக்கிழமைகளில், தமிழும் நோர்வேஜிய மொழியும் கலந்து, அரை மணி நேரம். மற்ற மாணவர்களோடு சேர்ந்து நகரத்துக்குள் ஒரு வீடு எடுத்து இருக்கிறாள். மதியம் வருவாள். நான் காலையில் இருந்தே வீட்டைச் சூடாக்கி வைத்திருப்பேன். உள்ளே வந்ததும் சுவெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, "அம்மா, இஞ்சை சரியான வார்ம்ட்" என்பாள். சோறு சாப்பிடுவாள், போனைப் பார்ப்பாள். அறைக்குள் போய்ப் பழைய கட்டிலில் கொஞ்சம் படுப்பாள். பிறகு "எனக்கு ஒரு மோட்ட இருக்கு" என்று எழும்புவாள். மோட்ட என்றால் கூட்டம். ஞாயிற்றுக்கிழமையிலும் அவளுக்கு ஏதோ ஒரு கூட்டம் இருக்கும்.

அந்த ஞாயிறு நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டேன். கோபத்தில் ஹீட்டரை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

6

அவள் சொல்லாமல் வந்தது ஒரு புதன்கிழமை. பனிச்சறுக்குச் சப்பாத்தை எடுக்க வந்தாளாம். தன் திறப்பால் கதவைத் திறந்து உள்ளே வந்துவிட்டாள்.

நான் குசினியில் கதிரையில் இருந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். மரியதாஸின் பழைய பஸ் ஜாக்கெட், கழுத்தில் கம்பளித் துண்டு, காலில் இரண்டு காலுறை. யன்னல் விளிம்பெல்லாம் துவாய். அவள் வாசலில் நின்று பார்த்தாள். வாயால் விட்ட மூச்சு ஆவியாக அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். நான் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஹோலில் ஹீட்டரைத் திருகக் கை வைத்தேன்.

"போடாதேங்கோ," என்றாள் மெலனி.

"நீ வருவாய் எண்டு தெரியாதே, பிள்ளை."

"எப்பவும் இப்பிடியோ?"

"நீ வாற நாளிலை இல்லை," என்றேன்.

அவள் சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்து, ஒவ்வோர் அறையாகப் போய், சுவரில் கை வைத்துப் பார்த்தாள். துவாய் ஒன்றை எடுத்துவிட்டு இடுக்கில் விரலை வைத்தாள். திரும்பி வந்தபோது அவளுடைய முகம் நான் எதிர்பார்த்ததுபோல இருக்கவில்லை. இரக்கமில்லை, கோபம்.

"நான் இஞ்சை பிறந்து வளர்ந்தனான். எனக்கு ஏன் தெரியாது?"

"உன்ரை அறைக்குப் போட்டு வைச்சனாங்கள். சின்னப் பிள்ளை சளி பிடிச்சிடும் எண்டு."

"நீங்கள் ரெண்டு பேரும்?"

டெ கோர் ப்ரா என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். பதிலுக்கு மனதில் கிடந்ததைக் கொட்டிவிட்டேன். கீழ் வீட்டுக்காரிக்கு எழுதிக் கொடுக்கத் தெரிந்தது, பெற்ற தாய்க்கு எழுதத் தெரியவில்லையா என்று கேட்டேன். அப்படிக் கேட்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பூசை மண்டபத்தில் கேட்கிற குரல்.

மெலனி துவாயை மேசையில் வைத்தாள்.

"ஹேமாக்கா எனக்குச் சொன்னவா, அம்மா," என்றாள். "நீங்கள் எனக்குச் சொல்லேல்லை."

பிறகு அவள் எனக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். மற்றவர்களிடம் கேட்கிற கேள்விகளை என்னிடம் கேட்டாள். எந்த அறை மோசம்? எத்தனை குளிர் காலம்? முதலில் யாருக்கு முறையிட்டீர்கள்? ஒருவருக்கும் இல்லை என்றேன். யாருக்காவது சொன்னீர்களா? ஒருவருக்கும் இல்லை. வாடகைக்காரர் பழுதைக் கண்டால் நேர காலத்தோடு சொல்ல வேண்டும், சொல்லாமல் இருந்தால் கேட்கிற உரிமை போய்விடலாம் என்று சட்டத்தில் இருக்கிறதாம். எத்தனையோ நல்ல சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள், வாடகையை நினைத்தபடி ஏற்ற விடாத சட்டம், வீட்டை விட்டு எழுப்ப விடாத சட்டம். ஒன்றும் வாய் திறக்காத ஆளுக்கு உதவாது. முதலில் அளந்ததை எப்படி மாற்றுவது என்று அவளுக்கும் நிச்சயமில்லை. திரும்ப அளக்கக் கேட்போம், நடந்ததை அப்படியே சொல்லுவோம், ஆனால் சொல்ல வேண்டியது நீங்கள்தான் என்றாள்.

7

ஒய்ஸ்டைன் திரும்பி வந்த நாளில் மெலனி காலையிலேயே வந்து எனக்குக் காவல் இருந்தாள். ஹீட்டர் பக்கம் போக விடவில்லை. டேப்பை உரித்தாள், திரைச்சீலையைக் கழற்றினாள். ஏதாவது பொரிக்கட்டுமா என்று கேட்டேன். அடுப்பும் சூடுதான், கூடாது என்றாள். ஒரு பச்சைத் தண்ணீர்? அதுவும் பிறகு என்றாள். வெறுங்கையோடு வாசலில் நின்று ஒருவரை வரவேற்றது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. உடுப்பில்லாமல் நிற்பதுபோல இருந்தது. அந்த மனிதரும் பாவம், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

கமராவைப் பிடித்தார். திரையில் எல்லாம் நீலம். யன்னலைச் சுற்றிக் கடும் நீலம், மூலைகளில் கறுப்புக்குக் கிட்ட. நடுவில் மூன்று மஞ்சள் உருவங்கள், நானும் மரியதாஸும் பிள்ளையும்.

போன முறை சூடாக இருந்ததே, என்ன நடந்தது என்று அவர் கேட்டார். நான் மெலனியைப் பார்த்தேன். அவள் வாய் திறக்கவில்லை. மரியதாஸ் தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆகவே நான் என்னுடைய உடைந்த நோர்வேஜிய மொழியில் சொன்னேன். நீங்கள் வருவீர்கள் என்பதால்தான் போன முறை சூடாக்கினேன். நீங்கள் விருந்தாளி. மற்ற நாளெல்லாம் எனக்குக் குளிரும். இந்த நாட்டில் முப்பது வருஷமாகக் குளிர்காலம் கண்டிருக்கிறேன். எனக்குக் குளிர்கிறது என்று ஒரு நோர்வேஜியரிடம் சொன்னது அன்றுதான். சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. குளிருக்கு இல்லை, வெட்கத்துக்கு.

அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துப் பழையதை வெட்டிவிட்டு எழுதினார். எங்களையும் முதற்சுற்றில் சேர்த்திருப்பதாகப் பிறகு அறிவித்தார்கள். வாடகை ஏறாது. ஆனால் பிந்திக் கேட்டவர்கள் பிந்தித்தான் வாங்க வேண்டும். எங்கள் யன்னல்கள் அடுத்த மாதம் வரும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் இன்று காலை லொறியைக் கண்டபோது வயிறு எரிந்தது. மெலனி ஹேமாவுக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான் எனக்கு எழுதிக் கொடுத்தாள் என்பது யன்னல் வந்து மாறுகிற காரியம் இல்லை.

மத்தியானம் தாண்டி மெலனி வந்தாள். இன்று ஞாயிறும் இல்லை. முதலில் மூன்றாம் மாடியில் இறங்கிவிட்டாள். அவர்கள் சிரிக்கும் சத்தம் படியால் கேட்டது. நான் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தேன், அதனால் கேட்டது. நல்ல நேரம் கழித்து மேலே வந்தாள். ஹோல் யன்னலும் அறை யன்னல்களும் பொருத்திவிட்டார்கள், காற்றுச் சத்தமே இல்லை, ஹேமாக்கா வீட்டில் எல்லா அறையும் ஒரே அளவு சூடு என்றாள். என் கை ஹீட்டருக்குப் போனது. போன கையைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். நான் சொல்லிவிட்ட பிறகு என்னத்துக்கு ஒளிப்பது?

மெலனி ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. சோபாவில் என் பக்கத்தில் வந்து இருந்தாள். என் போர்வையின் பாதியை இழுத்துத் தன் மேல் போட்டாள். பிறகு பனிக்கட்டி போன்ற இரண்டு காலையும் தூக்கி, கேட்காமல், என் தொடைக்குக் கீழே நுழைத்துக்கொண்டாள். போனை எடுக்கவில்லை. கூட்டம் ஒன்றும் இருக்கவில்லை. அவளுடைய படிப்பைப் பற்றி, கூட இருக்கிற பிள்ளைகளைப் பற்றி, யாரோ ஒரு பொடியனைப் பற்றியும்கூட, பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். வெளியே இருட்டத் தொடங்கியது. நான் விளக்குப் போட எழும்பவில்லை, எழும்பினால் காலை எடுத்துவிடுவாள்.

கீழே, எல்லா அறையும் சூடான வீட்டில், ஹேமாவின் மகள் இந்நேரம் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தியிருப்பாள்.